டாலிக்கு எத்தனை வயது?

ஆட்டின் வயதை அறிய அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். கீழ்த்தாடையின் பால்பற்களில் நடுவிலுள்ள இரண்டும் விழுந்து புதிதாக முளைத்திருந்தால் அது இரண்டு பல் ஆடு, ஒன்றரை வயதை ஒட்டியது. பிறகு நாலு பல், ஆறு பல் என்று கணக்கு ஏறும். எட்டும் முளைத்து வரிசை நிறைந்தால் வயது நான்கை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். விற்பவர் என்ன வயது சொன்னாலும் வாங்குபவர் நம்புவது பல்லைத்தான்.

1999 மே மாதம் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓர் ஆட்டின் வயதைப் பற்றிய செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதன் பிறந்த நாளில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1996 ஜூலை 5. எடின்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. அப்போது அதற்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. ஆனால் அதன் செல்களுக்குள் வேறொரு கணக்கு ஓடுகிறது என்றது அந்தச் செய்தி. குரோமோசோம்களின் நுனியை அளந்து பார்த்தபோது, அதே வயதுள்ள மற்ற ஆடுகளுக்கு இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குட்டையாக இருந்தது. அந்த ஆடு டாலி. முழு வளர்ச்சி பெற்ற ஒரு விலங்கின் செல்லிலிருந்து நகலாகப் பிறந்த முதல் பாலூட்டி.

டாலியை உருவாக்கக் கொடுத்த செல் ஆறு வயதுப் பெண்ணாடு ஒன்றின் மடியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே கணக்கு எளிதாகப் போட்டுவிட்டார்கள். ஆறு வயதுச் செல்லில் இருந்து பிறந்த குட்டிக்குப் பிறக்கும்போதே வயது ஆறு. 2002 ஜனவரியில் டாலிக்கு மூட்டுவாதம் என்ற செய்தி வந்தது. 2003 பிப்ரவரி 14 அன்று, ஆறரை வயதில், நுரையீரல் நோய் முற்றிய நிலையில் ஊசி போட்டு அதன் உயிரை முடித்தார்கள். செம்மறி ஆடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. ஆறும் ஆறரையும் பன்னிரண்டரை. கூட்டல் பிசகில்லாமல் பொருந்தியது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன். கேட்பவர்களிடமெல்லாம் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தக் கூட்டல் தவறு. ஏன் தவறு என்பதற்குள்தான் நம் ஒவ்வொருவருடைய பிறப்பையும் பற்றிய பெரிய ஆச்சரியம் ஒன்று இருக்கிறது.

முதலில் அந்த நுனியைப் பார்ப்போம். பழைய ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கொஞ்ச தூரம் எழுத்தே இருக்காது. எழுதியவர் ஓலையை வீணாக்கவில்லை. ஓலை முதலில் நொறுங்குவது ஓரத்தில்தான். கைபட்டும் காற்றுப்பட்டும் பூச்சி அரித்தும் விளிம்பு உதிரும்போது வெற்றிடம் உதிரட்டும், பாட்டு தப்பட்டும் என்று விட்ட இடம் அது. வெற்றிடம் தீர்ந்த பிறகும் உதிர்வது தொடர்ந்தால் அடுத்து போவது எழுத்து. முதற்சீர் இல்லாத அடிகளோடு நிற்கும் ஏடுகள் அப்படி வந்தவை.

நம் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களும் இப்படி ஓரம் விட்டு எழுதப்பட்டவைதான். மனித செல்லில் குரோமோசோம்கள் 46. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி, ஆக 92 நுனிகள். ஒவ்வொரு நுனியிலும் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது. அதில் எந்தப் புரதத்துக்கும் செய்முறை கிடையாது. பிறக்கும் குழந்தைக்கு இந்த ஓரம் பத்தாயிரம் எழுத்திலிருந்து பதினைந்தாயிரம் எழுத்து வரை நீளும். இதற்கு டெலோமியர் என்று பெயர். 1938-இல் ஹெர்மன் முல்லர் வைத்தது. 'முடிவு', 'பகுதி' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்த பெயர். பழ ஈக்களின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக் குரோமோசோம்களை உடைத்துப் பார்த்தவர் அவர். நடுவில் எங்கு வேண்டுமானாலும் உடைந்து ஒட்டுகிறது, நுனி மட்டும் அந்த ஆட்டத்துக்கு வருவதில்லை என்பதைக் கவனித்தார். அதே காலத்தில் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் மறுபக்கத்தைக் கண்டார். நுனி இழந்த குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல் பிரியும்போது இரண்டு பக்கமும் இழுபட்டு மறுபடி உடைகின்றன.

அந்த ஓரம் ஏன் தேய வேண்டும்? இதற்கு விடை சொன்னவர் அலெக்ஸி ஒலோவ்னிகோவ் என்ற ரஷ்யர். அவர் விடை தேடிய கேள்வியை எழுப்பியவர் அமெரிக்காவில் இருந்தார். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

1912-இல் நியூயார்க்கில் அலெக்ஸிஸ் காரெல் கோழிக்கருவின் இதயத் துணுக்கு ஒன்றைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். அது சாகவே இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிரிந்து பெருகிக்கொண்டே இருந்ததாகப் பதிவு. நோபல் பரிசு பெற்றவர் சொன்னதால் உலகம் ஏற்றுக்கொண்டது. செல்லுக்குச் சாவில்லை, உடம்புக்குத்தான் சாவு என்பது அரை நூற்றாண்டுக் காலம் பாடப்புத்தக உண்மையாக இருந்தது. பிலடெல்பியாவின் விஸ்டர் நிறுவனத்தில் லியோனார்ட் ஹேஃப்லிக் என்ற இளைஞர் மனிதச் செல்களை வளர்த்தபோது அவை நாற்பது முதல் அறுபது சுற்றுப் பிரிந்துவிட்டு நின்றன. தன் கைப்பக்குவத்தில்தான் ஏதோ கோளாறு என்று அவர் முதலில் நினைத்திருக்கக்கூடும். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அவரும் பால் மூர்ஹெட்டும் ஓர் அழகான சோதனை செய்தார்கள். பலமுறை பிரிந்து தளர்ந்த ஆண் செல்களையும், சில முறையே பிரிந்த பெண் செல்களையும் ஒரே குடுவையில் போட்டார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் மிஞ்சியவை பெண் செல்கள் மட்டும். குடுவையிலோ உணவிலோ கோளாறு இருந்திருந்தால் இரண்டுமே செத்திருக்க வேண்டும். ஆகவே எண்ணிக்கை செல்லுக்குள்தான் இருக்கிறது. 1961-இல் இதை வெளியிட்டார்கள். செல்களை உறைய வைத்து, பிறகு எடுத்து வளர்த்தால், விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணின. அந்தச் செல்லுக்கு எண்ணத் தெரிந்திருந்தது, நினைவும் இருந்தது.

காரெலின் கோழிச் செல்கள் எப்படிச் சாகாமல் இருந்தன? அவற்றுக்கு உணவாக ஊற்றிய கருச்சாற்றோடு புதிய செல்களும் அவ்வப்போது உள்ளே போயிருக்க வேண்டும் என்பது பிற்காலத்து விளக்கம்.

1966-இல் மாஸ்கோவில் ஹேஃப்லிக்கின் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவு கேட்டுவிட்டு ஒலோவ்னிகோவ் மெட்ரோ ரயில் நிலையத்துக்கு நடந்தார். ரயில் வந்து நின்றது. தண்டவாளம்தான் டி.என்.ஏ. இழை, ரயில்தான் அதைப் படியெடுக்கும் நொதி என்று அவர் மனசுக்குள் ஒரு படம் விரிந்தது. ரயில் தான் நின்றுகொண்டிருக்கும் இடத்தை எப்படிப் படியெடுக்கும்? தொடங்கும் இடத்தில் அதன் உடம்புக்கு அடியில் இருக்கும் கொஞ்சம் தண்டவாளம் படியில் விட்டுப்போகும். அடுத்த முறையும் கொஞ்சம் விட்டுப்போகும். ஒவ்வொரு பிரிவிலும் நுனி குட்டையாகிக்கொண்டே வந்தால் செல்லின் எண்ணிக்கைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். 1971-இல் ரஷ்ய மொழியிலும் 1973-இல் ஆங்கிலத்திலும் எழுதினார். கையில் ஒரு சோதனை முடிவும் கிடையாது. நடைபாதையில் நின்ற ஒரு மனிதரின் யோசனை மட்டும். நுனியைப் படியெடுப்பதில் சிக்கல் இருப்பதை 1972-இல் ஜேம்ஸ் வாட்சனும் தனியாகக் கவனித்து எழுதினார். ஆனால் அந்தச் சிக்கலை முதுமையோடு முடிச்சுப் போட்டவர் ஒலோவ்னிகோவ். 1990-இல் கால்வின் ஹார்லியும் கூட்டாளிகளும் மனிதச் செல்களை அளந்து அது உண்மை என்று காட்டினார்கள். ஒரு முறை பிரியும்போது ஐம்பது முதல் இருநூறு எழுத்து வரை போகிறது.

உடனே ஒரு கேள்வி எழுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஓரம் உதிர்ந்துகொண்டே இருந்தால், அம்மாவிடமிருந்து எனக்கு வரும்போது அது எப்படி முழுசாக இருக்க முடியும்? அம்மாவின் கருமுட்டை அவள் பிறப்பதற்கு முன்பே உருவானது. அதற்கு முன்னால் பாட்டி, பூட்டி, ஓட்டி. பல கோடி ஆண்டுகளாக ஒரு செல்லில் இருந்து இன்னொரு செல் என்று அறுபடாமல் வந்த கோடு இது. உதிர்ந்தது உதிர்ந்ததுதான் என்றால் உயிர் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். யாரோ ஓரத்தைத் திரும்பக் கட்டுகிறார்கள்.

அந்த 'யாரோ' குளத்து நீரில் கிடைத்தது. டெட்ராஹைமெனா என்பது குளத்தில் நீந்தும் ஒற்றைச் செல் உயிர். அதன் ஒரு செல்லுக்குள் சின்னச் சின்னக் குரோமோசோம்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் நுனிக்குப் பஞ்சமே கிடையாது. டாஸ்மேனியாவில் பிறந்த எலிசபெத் பிளாக்பர்ன், யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் காலின் ஆய்வகத்தில் அந்த நுனிகளைப் படித்து, ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதை 1978-இல் அறிவித்தார். பிறகு அவரும் ஜாக் சோஸ்டக்கும் குளத்து உயிரின் நுனியை ஈஸ்ட்டில் கொண்டுபோய் ஒட்டினார்கள். பரிணாமத்தில் எவ்வளவோ தள்ளி நிற்கும் ஈஸ்ட் அதை ஏற்றுப் பாதுகாத்தது. அது மட்டுமில்லாமல் தன் சொந்தத் தொடரையும் அதன்மேல் சேர்த்து எழுதியது. அப்படியென்றால் எழுதும் நொதி ஒன்று இருக்க வேண்டும். 1984 கிறிஸ்துமஸ் நாளன்று, பெர்க்லி ஆய்வகத்துக்கு வந்து தன் சோதனையின் படத்தைக் கழுவிப் பார்த்த கரோல் கிரைடர் என்ற ஆய்வு மாணவி, ஆறெழுத்து ஆறெழுத்தாக ஏணிப்படி போல ஏறும் பட்டைகளைக் கண்டார். டெலோமரேஸ் நொதியின் கைவேலையை மனிதக் கண் கண்டது அன்றுதான். பிளாக்பர்ன், சோஸ்டக், கிரைடர் மூவருக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

டெலோமரேஸ் வேலை செய்யும் விதம் எனக்குத் தெவிட்டாத ஆச்சரியம். செல்லுக்குள் படியெடுக்கும் மற்ற நொதிகள் எல்லாம் எதிரில் உள்ள இழையைப் பார்த்துத்தான் எழுதும். இதற்கு எதிரில் எதுவும் இல்லை, ஓலையே முடிந்துபோன இடம். ஆகவே இது தனக்கான மூலத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வருகிறது. நொதிக்குள்ளேயே ஒரு சிறு ஆர்.என்.ஏ. துண்டு பொதிந்திருக்கிறது. அதைப் பார்த்து ஆறெழுத்து எழுதும், நகரும், மறுபடி அதே ஆறெழுத்து. வேறு எதையும் எழுதத் தெரியாத, ஆனால் அதை மட்டும் சலிக்காமல் எழுதும் ஓர் ஏடெழுதுபவர்.

நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் இந்த நொதி அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. விந்தும் முட்டையும் உருவாகும் இடங்களிலும் தொடக்கக் கருவிலும் விழித்திருக்கிறது. தண்டுச் செல்கள் சிலவற்றில் கொஞ்சம். எல்லாச் செல்லிலும் விழித்திருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். புற்றுநோய்க் கட்டிகளில் பத்தில் எட்டு ஒன்பது இந்த நொதியை எழுப்பிக்கொண்டுதான் ஓயாமல் பிரிகின்றன. ஓரம் தீர்ந்ததும் நின்றுவிடும் செல், கட்டுமீறிப் போகாமல் இருக்க உடம்பு போட்டு வைத்த தாழ்ப்பாளும்கூட.

இப்போது டாலியிடம் திரும்பலாம்.

இயான் வில்மட்டும் கீத் கேம்பலும் அவர்களுடைய குழுவும் செய்தது இதுதான். ஆறு வயது ஃபின் டார்செட் இனப் பெண்ணாட்டின் பால்சுரப்பிச் செல்கள் முன்பே எடுத்து வளர்த்து உறைய வைக்கப்பட்டிருந்தன. டாலி பிறந்தபோது அந்த ஆடு உயிரோடு இல்லை. செல்களுக்கு ஊட்டச்சத்தைக் குறைத்துச் சில நாள் பட்டினி போட்டார்கள். பிரிவதை நிறுத்திவிட்டு அவை ஓய்வு நிலைக்குப் போயின. இன்னோர் ஆட்டின் கருமுட்டையிலிருந்து உட்கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, மடிச் செல்லை அதோடு மெல்லிய மின்அதிர்வால் இணைத்தார்கள். 277 முறை இணைத்ததில் 29 கருக்கள் தேறின. அவற்றை 13 பெண்ணாடுகளின் கருப்பையில் வைத்தார்கள். பிறந்தது ஒரு குட்டி. முகம் வெளுத்த குட்டியை ஈன்றது முகம் கறுத்த இனத்து வாடகைத்தாய். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, இது அவள் குட்டியில்லை என்று.

வழக்கமான பிறப்பில் விந்தும் முட்டையும் தத்தம் வழியில் ஓரத்தைப் புதுப்பித்துக்கொண்டு வந்து சேர்கின்றன. டாலிக்கு வந்தது மடிச் செல்லின் உட்கரு. விந்தின் வழியிலோ முட்டையின் வழியிலோ வராமல் பக்கவாட்டில் நுழைந்த ஏடு. ஆறு வருடத் தேய்மானமும், ஆய்வகத்தில் வளர்த்தபோது பிரிந்த தேய்மானமும் அதில் இருக்கும். அந்தத் தேய்ந்த ஓரத்தோடேயே குட்டி பிறந்திருக்க வேண்டும் என்பது நியாயமான சந்தேகம்தான். 1999-இல் அளந்து பார்த்தவர்கள் கண்டதும் அதற்குப் பொருந்தியது. ஆனால் டாலியைக் கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்தபோது அந்த இனத்து ஆடு இந்த வயதில் எப்படி இருக்குமோ அப்படித்தான் ஆரோக்கியமாக இருந்தது என்பதையும் அவர்கள் அதே கட்டுரையில் எழுதியிருந்தார்கள். அந்த வரி உலகச் செய்தியாகவில்லை.

ஒற்றை ஆடு. ஒற்றை அளவு. அதன்மேல் இவ்வளவு பெரிய முடிவை ஏற்றி வைத்தோம்.

அடுத்த ஆண்டே எதிர்ப்பக்கத்திலிருந்து சாட்சி வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ராபர்ட் லான்சாவும் கூட்டாளிகளும் மாட்டுச் செல்களை வேண்டுமென்றே கிழமாக்கினார்கள். பிரிந்து பிரிந்து இனி ஒருசில சுற்றுக்கு மேல் தாங்காது என்ற நிலைக்கு வந்தவற்றின் உட்கருவை முட்டைக்குள் வைத்தார்கள். ஆறு கன்றுகள் பிறந்தன. அவற்றின் ஓரம் குட்டையாக இருக்க வேண்டும். அளந்தால், அதே வயதுச் சாதாரணக் கன்றுகளைவிட நீளமாக இருந்தது. அந்தக் கன்றுகளிலிருந்து எடுத்த செல்களைக் குடுவையில் வளர்த்தால் தொண்ணூறு சுற்றுக்கு மேல் பிரிந்தன. சாதாரணக் கன்றின் செல் அறுபது சுற்றில் நின்றது. செத்துக்கொண்டிருந்த செல்லை முட்டை வாங்கி, பிறந்த குழந்தையாக்கிக் கொடுத்திருக்கிறது. அதே 2000-த்தில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஷியாங்சோங் யாங்கின் குழு நகலாகப் பிறந்த மாடுகளின் ஓரம் சாதாரண மாடுகளுக்கு உள்ளது போலவே இருக்கிறது என்று அறிவித்தது. தெருஹிகோ வாகயாமா எலிகளை நகலின் நகலாக ஆறு தலைமுறை வரை கொண்டுபோய், நுனி தேயவில்லை என்று காட்டினார்.

வாகயாமா அதோடு நிற்கவில்லை. ஜப்பானின் கோபே நகரில் 2005-இல் ஒற்றைப் பெண் எலியில் தொடங்கினார். அதன் நகல், நகலின் நகல் என்று 25 தலைமுறை போனார். 2013-இல் கணக்குச் சொன்னபோது அந்த ஒற்றை எலியிலிருந்து வந்தவை 581. கடைசித் தலைமுறையும் முதல் தலைமுறையைப் போலவே குட்டி போட்டது, சாதாரண எலிகள் வாழும் காலம் வாழ்ந்தது. எலி இந்த வழக்கில் முழுச் சாட்சியாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வக எலியின் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம். கொஞ்சம் உதிர்ந்தாலும் அதற்குத் தெரியாது. அவ்வளவு நீளமான ஓரத்தை வைத்துக்கொண்டு அது இரண்டு மூன்று ஆண்டுகளில் செத்துவிடுகிறது என்பதே, ஓரத்தின் நீளமும் ஆயுளும் ஒன்றல்ல என்பதற்கு ஆதாரம்.

முட்டை இதை எப்போது செய்கிறது? 2004-இல் ஜெர்மனியின் ஹன்னோவரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மாட்டுக் கருக்களையும் எலிக் கருக்களையும் கட்டம் கட்டமாகப் பின்தொடர்ந்தார்கள். முட்டை கருவுற்றுப் பிரிந்து, முசுக்கொட்டைப் பழம் போல ஒரு செல் உருண்டையாகிறது. அடுத்து அதன் உள்ளே நீர் கோத்து ஒரு குமிழ் வடிவம் எடுக்கிறது. இந்த மாற்றத்தின்போது, கருப்பைச் சுவரில் ஒட்டுவதற்கும் முன்னால், டெலோமியர் திடீரென்று நீள்கிறது. டெலோமரேஸ் நொதி இல்லாத எலிகளில் இது நடக்கவில்லை. நகல் கருக்களிலும் இது நடந்தது. வந்து சேர்ந்த ஏடு எந்த வழியில் வந்தது என்று இந்தக் கட்டம் கேட்பதில்லை. குறைந்த ஓரத்தை ஓர் அளவுக்கு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கிறது.

இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு எதுவும் ஓடவில்லை. முப்பது வயதுத் தாயும் முப்பத்தைந்து வயதுத் தந்தையும் சேர்ந்து பெறும் குழந்தைக்கு வயது பூஜ்யம் என்பதை நாம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். செல்லில் இருந்துதான் செல் வருகிறது. வயதான செல்லில் இருந்து வயதில்லாத குழந்தை வருவது எந்தக் கணக்கில் சேரும்? இளம் கருவில் சில நாட்களுக்குள் அந்தக் கணக்கு அழிக்கப்படுகிறது. அந்த ஆற்றல் எவ்வளவு பெரியது என்பது இயல்பான பிறப்பில் வெளியே தெரிவதில்லை. மடியிலிருந்து எடுத்த செல்லைக் கொண்டுபோய் வைத்தும் அது அசராமல் வேலை செய்தபோதுதான் தெரிந்தது.

டாலியின் ஓரம் மட்டும் ஏன் குட்டையாக இருந்தது? செல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது என்று பிற்பாடு வந்த மாட்டு ஆய்வுகள் காட்டின. ஒருவகைச் செல்லில் இருந்து வந்த நகல்களுக்கு ஓரம் முழுசாகத் திரும்புகிறது, இன்னொரு வகையில் கொஞ்சம் குறைகிறது. அதோடு ஒரே மந்தையில் ஒரே வயதுள்ள ஆடுகளுக்குள்ளேயே இந்த நீளம் ஒன்றுபோல இருப்பதில்லை. டாலி குட்டையான பக்கத்தில் நின்ற ஓர் ஆடு. அதனால் அது கிழடாகப் பிறந்ததாக ஆகாது.

அப்படியானால் அதன் சாவு? டாலியைக் கொன்றது நுரையீரலில் கட்டி வளர்க்கும் ஒரு வைரஸ் நோய். ஆடுகளிடையே மூச்சுக்காற்றில் பரவுவது. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்கு யாக்சீக்டே என்று பெயர். துரத்துவதையும் நோயையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்தது. நோய் கண்ட ஆடு யாரோ துரத்திக்கொண்டு வந்தது போல மூச்சு வாங்கும் என்பதால் வந்த பெயர். பாதுகாப்புக் கருதி டாலியைக் கொட்டகைக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்து வைத்த மந்தையில் இந்த நோய் எளிதாகப் பரவும். நகலாகப் பிறந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூட்டுவாதம் மிஞ்சியது. 2002-இல் அதைப் பற்றிச் சொன்னார்களே தவிர, டாலியின் மூட்டுகளை எடுத்த படங்கள் பிற்பாடு தேடியபோது கிடைக்கவில்லை. ஆனால் எலும்புக்கூடு இருந்தது. எடின்பரோவின் தேசிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து வைத்த டாலியைத்தான் மக்கள் பார்க்கிறார்கள். எலும்புகள் அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் இருந்தன. டாலிக்கு முன்பே கருச் செல்களிலிருந்து நகலாகப் பிறந்த மேகன், மோரக் என்ற இரண்டு ஆடுகளின் எலும்புகளும், டாலி கிடாவோடு சேர்ந்து இயல்பாக ஈன்ற மகள் போனியின் எலும்புகளும் அங்கே இருந்தன. நாட்டிங்ஹாம், கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றையெல்லாம் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து 2017-இல் முடிவு சொன்னார்கள். டாலியின் எலும்பில் இருந்த தேய்மானம் அந்த வயது ஆடுகளிடம் பொதுவாகக் காண்பதைவிட அதிகமில்லை. நகலாகப் பிறக்காத போனிக்கும் மூட்டுத் தேய்மானம் இருந்தது.

நகலாக்கத்தில் எந்தச் சிக்கலும் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 277-இல் ஒன்று என்ற எண்ணை மறக்க முடியாது. பெரும்பாலான நகல் கருக்கள் வயிற்றிலேயே கலைகின்றன. நஞ்சுக்கொடி சரியாக அமைவதில்லை. அளவுக்கு மீறிப் பெருத்துப் பிறக்கும் கன்றுகள் மூச்சுவிடத் திணறிச் சில நாட்களில் இறக்கின்றன. ஆனால் இந்தத் துயரத்துக்குக் காரணம் ஓரம் தேய்ந்ததில் இல்லை. சுவடியை நூல் போட்டுக் கட்டி வைப்பது போல ஒவ்வொரு செல்லும் தனக்குத் தேவையில்லாத மரபணுக்களை மூடிக் கட்டி வைத்திருக்கிறது. மடிச் செல்லில் பால் சுரக்கும் ஏடுகள் திறந்திருக்கும், மூளைக்கும் குளம்புக்கும் உரியவை கட்டப்பட்டிருக்கும். அதே உட்கருவிலிருந்து முழு ஆடு வர வேண்டுமென்றால் எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். விந்து கொண்டுவரும் ஏட்டை அவிழ்க்க முட்டைக்குப் பழக்கம் உண்டு. மடிச் செல்லின் முடிச்சுகள் அதற்குப் புதியவை. சிலவற்றை அவிழ்க்காமல் விட்டுவிடுகிறது. அவிழாத முடிச்சுகள்தான் நகல் கருக்களைக் கொல்கின்றன. முடிச்சுகளை இளக்கும் ஒரு மருந்தைச் சேர்த்ததால்தான் வாகயாமாவின் எலிகள் அத்தனை தலைமுறை போனதும்.

பிறந்து, முதல் சில வாரங்களைத் தாண்டிவிட்ட நகல்கள் எப்படி மூப்படைகின்றன என்பதை அறிய வேறு வழியில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். அந்தப் பொறுமை கீத் கேம்பலிடம் இருந்தது. ராஸ்லினை விட்டு நாட்டிங்ஹாமுக்குப் போனவர், டாலி பிறந்த அதே உறைந்த மடிச் செல்களிலிருந்து மேலும் நான்கு பெண்ணாடுகளைப் பிறக்கச் செய்தார். டெப்பி, டெனிஸ், டயானா, டெய்சி. மரபணுவைப் பொறுத்தவரை நான்கும் டாலியின் உடன்பிறந்த இரட்டைகள், பத்தாண்டுக்கு மேல் பிந்திப் பிறந்தவை. கேம்பல் 2012-இல் காலமானார். மந்தையைக் கெவின் சின்கிளேர் பார்த்துக்கொண்டார்.

2016-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அந்த நான்கையும், நகலாகப் பிறந்த வேறு ஒன்பது ஆடுகளையும் ஏழிலிருந்து ஒன்பது வயதில் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். குளுக்கோஸ் கொடுத்து இரத்தச் சர்க்கரையைப் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். எக்ஸ் கதிரிலும் எம்.ஆர்.ஐ.யிலும் மூட்டுகளைப் படம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் இயல்பு. சிலவற்றுக்கு முழங்காலில் இலேசான தேய்மானம், ஒன்றுக்கு மட்டும் சற்றுக் கூடுதல். எதுவும் நொண்டவில்லை, எதற்கும் மருந்து தேவைப்படவில்லை.

செல்லைக் கொடுத்த ஆடு அப்போது செத்து இருபது வருடங்களுக்கு மேலாகியிருந்தது. டாலி போய்ப் பதின்மூன்று வருடம். அதே மடியின் செல்லில் இருந்து வந்த நான்கு ஆடுகளும், செல்லைக் கொடுத்தபோது அந்த ஆட்டுக்கு இருந்த வயதைத் தாண்டி, டாலி இறந்த வயதையும் தாண்டி, நாட்டிங்ஹாமின் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தன.